கல் பெயர்ந்த குழி

தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் காலுக்கடியில் இருப்பது காவிரியின் வண்டல். நெல்வயல், வாழைக்கொல்லை, வாய்க்கால், பட்டுத்தறி ஓடும் தெருக்கள். கிணறு வெட்டினால் களிமண் வரும், மணல் வரும், மறுபடி களிமண் வரும், பாறை வராது. அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட இங்கே வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவைதான். அப்படிப்பட்ட மண்ணில், 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ராஜராஜ சோழன் ஒரு கருங்கல் கோயிலை எழுப்பினான். 24 மீட்டர் உயர விமானம், சக்கரமும் குதிரையும் பூட்டித் தேராக நிற்கும் ராஜகம்பீரன் திருமண்டபம், நாயன்மார் வரலாற்றைச் சிறுசிறு சிற்பங்களில் சொல்லும் கல்வரிசை. 2004-இல் யுனெஸ்கோ இதையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும், ஏற்கனவே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்த தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்த்தது.

இங்கே நிற்கும் ஒவ்வொரு தூணுக்கும் கணக்காக எங்கோ ஒரு குன்றில் ஒரு பள்ளம் இருக்கிறது. கல் வந்து சேர்ந்த இடத்தைப் பார்க்க ஆண்டு முழுவதும் ஆட்கள் வருகிறார்கள். கல் பெயர்ந்து போன இடத்தைப் பார்க்க யாரும் போவதில்லை. கல்லை எப்படிப் பிளந்தார்கள், எந்தக் கருவியைக் கொண்டு பிளந்தார்கள், எதை வேண்டாம் என்று விட்டார்கள் என்பதெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் பதிந்திருக்கிறது. கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியைப் படிக்கத் தெரிந்தால், கோயிலையே இன்னொரு முறை படிக்கலாம்.

பாறை எங்கே போயிற்று?

டெல்டாவில் பாறையே இல்லை என்று சொல்வது முழு உண்மை ஆகாது. இருக்கிறது, எட்டாத ஆழத்தில். ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கிய காலத்தில், இன்றைய தமிழகக் கிழக்குக் கரையோரம் நிலம் நீளவாக்கில் கீறி இறங்கியது. இறங்கிய பள்ளங்களில் கடலும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிவைக் கொட்டின. இந்தக் காவிரிப் படுகையின் ஆழமான பகுதிகளில் படிவுகளின் தடிமன் 5 கிலோமீட்டருக்கும் மேல். ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளையிடுவது இந்த அடுக்குகளுக்குள்தான். அடிப்பாறை இவற்றுக்கெல்லாம் கீழே கிடக்கிறது.

மேற்கே போகப் போக அந்த அடிப்பாறை மேலேறி வருகிறது. திருச்சி மலைக்கோட்டையில் அது வானத்தைத் தொட்டு நிற்கிறது. தென்மேற்கில் புதுக்கோட்டைச் சீமையில் நார்த்தாமலை, குடுமியான்மலை, குன்றாண்டார்கோயில் என்று குன்று குன்றாக எழுகிறது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறைகள் இவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல் இந்தப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. நார்த்தாமலையிலிருந்து தஞ்சை நேர்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர். தாராசுரம் சுமார் 80 கிலோமீட்டர்.

தொலைவோடு எடையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன். கோயிலுக்குப் போய்ச் செதுக்கி எறியப்போகிற பகுதியை 80 கிலோமீட்டர் இழுத்துச் செல்வது வீண். குன்றடியிலேயே கல்லைத் தோராயமாக உருவாக்கிக்கொண்டால், சுமையில் கணிசமான பங்கு குறையும். அதனால்தான் அந்தக் காலத்தில் கல் வெட்டிய இடங்களில் பள்ளத்தை மட்டும் தேடக்கூடாது. அதன் பக்கத்தில் கிடக்கும் சில்லுக் குவியலையும் பார்க்க வேண்டும். சில்லு பெரிதாக இருந்தால் அங்கே பிளந்திருக்கிறார்கள். பொடியாக இருந்தால் உளி வைத்து உருக்கொடுத்திருக்கிறார்கள்.

கல்லின் ஒரே பலவீனம்

இரும்பு உளியே தேயும் கடினமான கல்லை மனிதக் கை எப்படிப் பிளந்தது? விடை கல்லின் இயல்பிலேயே இருக்கிறது. கருங்கல்லை இரு பக்கமும் அழுத்தி நொறுக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 2 டன் வரை அழுத்தம் வேண்டும். அதே கல்லை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்க 70 முதல் 150 கிலோ போதும். அழுத்தத்துக்கு மலைபோல் நிற்கும் கல், இழுப்புக்குத் தாங்காது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கல்குவாரியில் நடக்கும் அத்தனையும் விளங்கிவிடும்.

இழுப்புக்கு ஏன் தாங்குவதில்லை என்பதை 1921-இல் வெளிவந்த கட்டுரையில் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விளக்கினார். எந்தத் திடப்பொருளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. இழுவிசை வரும்போது அது கல் முழுவதும் சமமாகப் பரவாமல் விரிசலின் நுனியில் பலமடங்காகக் குவிகிறது. ஓர் அளவைக் கடந்ததும் விரிசல் தானே ஓடத் தொடங்குகிறது. அழுத்தும்போதோ விரிசலின் வாய் மூடிக்கொள்கிறது.

கல்தச்சரின் ஆப்பு இந்தக் கணக்கைத்தான் கையால் செய்கிறது. பாறையில் ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் சாண் இடைவெளியில் செவ்வகக் குழிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு ஆப்பை இறக்குகிறார்கள். சம்மட்டி அடி மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆப்பின் சாய்ந்த பக்கங்கள் அதைப் பக்கவாட்டுத் தள்ளலாக மாற்றுகின்றன. குழிகளுக்கு இடையே இருக்கும் கல்லுக்கு அது இழுப்பு. வரிசையாக இருக்கும் குழிகள் இழுப்பு எந்தக் கோட்டில் குவிய வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. ஒரே ஆப்பை ஓங்கி ஓங்கி அடிப்பதில்லை. முதல் ஆப்பிலிருந்து கடைசி ஆப்பு வரை ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. அப்போதுதான் விரிசல் கோடு தவறாமல் ஓடும்.

சுற்றுகளுக்கு இடையே அவர்கள் சற்று நிறுத்துவதும் வழக்கம். இதற்கும் இயற்பியல் இருக்கிறது. இழுப்பில் இருக்கும் கல்லுக்குள், அடி விழாதபோதும் விரிசல் மெல்ல வளரும். காற்றிலுள்ள ஈரத்தின் நீர் மூலக்கூறுகள் விரிசல் நுனிக்குள் புகுந்து, விறைத்து நிற்கும் சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கின்றன. அவசரப்படாதவருக்குக் கல் நேராகப் பிளக்கிறது என்ற தொழில் அறிவை ஆய்வுக்கூடங்கள் பல தலைமுறைகளுக்குப் பிறகே மூலக்கூறு அளவில் உறுதிசெய்தன.

ஆப்புக்குழி வரிசையைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாமல்லபுரம் போகலாம். அங்கே பல பாறைகளில், குழி வெட்டியும் பிளக்காமல் விட்ட வரிசைகளும், பாதிக் குழிகளோடு நிற்கும் பிளந்த முகங்களும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. குழி செவ்வகமாக இருந்தால் அது கை உளியின் வேலை. வட்டமாக இருந்தால் துரப்பணத்தின் வேலை. அந்த ஒரு வேறுபாடே பிளந்த காலத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

குன்று தானே தரும் அடுக்கு

பிளப்பதில் பாதி வேலையை இயற்கை ஏற்கனவே முடித்து வைத்திருக்கிறது. இந்தப் பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானவை. மேலிருந்த சுமை அரித்துப் போனதும், பாறை மேல்நோக்கி விரிந்து, தன் மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிரிகிறது. நார்த்தாமலைக் குன்றுகளின் வழுவழுப்பான, குவிந்த உருவத்துக்கு இந்தப் பிரிவே காரணம். மேலே இருக்கும் தகடுகள் மெல்லியவை. கீழே போகப் போகத் தடிமன் கூடும். தளத்துக்குப் பலகைக்கல் வேண்டுமா, தூணுக்குக் கனத்த கல் வேண்டுமா என்பதைப் பொறுத்து எந்த அடுக்கில் கை வைப்பது என்று தச்சர் தேர்ந்தெடுக்கலாம்.

தகடு பிரியாத இடத்தில் தீ உதவியது. பெங்களூர்ப் பக்கத்தில் விறகு நெருப்பைப் பாறை மேல் மெதுவாக நகர்த்தி, பெரும் பலகைகளை வெடிமருந்து இல்லாமலேயே பெயர்த்தெடுத்ததைப் பற்றி 1895-இல் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு வந்திருக்கிறது. சூடேறும் மேல்தோல் விரிய முயலும், குளிர்ந்த அடிப்பாறை விடாது. இரண்டுக்கும் இடையே இழுப்பு பிறந்து தகடு பிரியும். கருங்கல்லில் உள்ள குவார்ட்சு மற்ற கனிமங்களைவிட அதிகமாக விரியும். 573 டிகிரி செல்சியசில் அதன் படிக அமைப்பே மாறித் திடீரென்று உப்பும். நம் காலத்துக் கிரானைட் குவாரிகளில் எண்ணெயும் காற்றும் கலந்து சீறும் ஜெட் பர்னர் கல்லில் பள்ளம் தோண்டுவதும் இதே வழியில்தான். விறகு போய் டீசல் வந்தது. கல்லின் இயல்பு மாறவில்லை.

தட்டிக் கேட்பது

கல்லைத் தட்டி ஒலி கேட்டு, ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிப்பது சிற்ப நூல்களின் மரபு. மணிபோல் ஒலிப்பது ஆண், வெண்கலத் தாளம்போல் ஒலிப்பது பெண், ஒலியே எழுப்பாதது சிற்பத்துக்கு ஆகாதது. இதற்குள் ஓர் உறுதியான சோதனை இருக்கிறது. நல்ல கருங்கல்லில் ஒலி அலை நொடிக்கு 5 கிலோமீட்டருக்கும் மேல் பாயும். உள்ளே விரிசல் இருந்தால் அலை சிதறும், வேகம் குறையும், ஒலி மங்கும். இன்று பொறியாளர்கள் பழைய தூண்களைச் சோதிக்கப் பயன்படுத்தும் மீயொலிக் கருவியும் இந்த வேகத்தைத்தான் அளக்கிறது. தாராசுரத்தில் பலிபீடத்தருகே, தட்டினால் வேறு வேறு சுரங்களில் ஒலிக்கும் கற்படிகள் உண்டு. இப்போது கம்பித் தடுப்புக்குள் பாதுகாப்பாக இருக்கின்றன. விரிசலற்ற கல், அளந்த நீளம், அளந்த தடிமன் மூன்றும் சேர்ந்தால்தான் அப்படி ஒலிக்கும். அந்தத் தேர்வு தொடங்கியது கோயிலில் அல்ல, பாறைக் குழியில்.

இழுப்பில் கல்லுக்கு உள்ள பலவீனம் கோயிலின் உருவத்தையும் தீர்மானித்தது. இரு தூண்களின் மேல் கிடக்கும் கல் உத்தரம் தன் எடையாலேயே மிக மிக நுட்பமாகத் தொய்கிறது. அப்போது அதன் மேல்பக்கம் அழுத்தத்திலும் அடிப்பக்கம் இழுப்பிலும் இருக்கும். தூண்களின் இடைவெளியை இரட்டித்தால், உத்தரத்தின் தடிமன் மாறாதவரை, அடிப்பக்கத்து இழுப்பு நான்கு மடங்காகும். தாராசுர மண்டபத்தில் தூண்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆப்பு வென்ற அதே இடத்தில் உத்தரம் தோற்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கல் கட்டடக்கலையின் சாரம்.

துருப்பிடித்த இயந்திரங்கள் சொல்வது

பழைய குழிகளுக்குப் பிறகு வந்தவை இயந்திரக் குவாரிகள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை மாவட்டங்களில் வேலை நின்றுபோன குவாரிகள் பல. விற்கக்கூடிய இரும்பு பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். மிஞ்சுவது கான்கிரீட் மேடைகள், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகள், லாரி பின்னேறிக் கல் கொட்டும் சரிவு, சிலசமயம் ஒரு டெரிக் கிரேனின் நடுமரம், ஒரு கம்ப்ரசரின் ஓடு. இவற்றையும் படிக்கலாம்.

முதலில் பாறை முகம். மேலிருந்து கீழாக அரைக்குழாய் வடிவில், மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில், ஒரே இடைவெளியில் ஓடும் தடங்கள் ஜாக்ஹாமரின் கையெழுத்து. அழுத்திய காற்று உள்ளே ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளும். அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் உளித்தண்டு கொஞ்சம் திரும்பும். தூளைக் காற்றே வெளியே ஊதும். காற்றால் அடிக்கும் துரப்பணத்தை உலகுக்குக் காட்டியது ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த மோன் சனி சுரங்கப்பாதை. சொமெய்யே என்ற பொறியாளர் 1861-இல் அங்கே அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். பாதை 1871-இல் திறக்கப்பட்டது. தடங்கள் நெருக்கமாகவும் பாறை முகம் நேராகவும் இருந்தால், அங்கே கல்லைக் கட்டையாக எடுத்திருக்கிறார்கள்: ஆப்பாலோ, தண்ணீர் பட்டதும் உப்பும் சுண்ணாம்புக் கலவையாலோ பிளந்திருக்கிறார்கள். தடத்தைச் சுற்றி நட்சத்திரமாக விரிசல் பரவியிருந்தால் அது வெடி. ஜல்லிக்காகவே உடைத்த குவாரி. முகம் வழவழப்பாக, மெல்லிய வளைவுக் கீறல்களோடு இருந்தால், வைரமணி கோத்த இரும்புக் கயிறு நொடிக்கு 20 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடி அறுத்த இடம். கல்லின் பலவீனமான கோட்டைத் தேடாமல், வேண்டிய கோட்டில் தேய்த்தே வழி உண்டாக்கும் கருவி இந்த வைரக் கயிறு.

அடுத்தது கிரஷர். தாடைக் கிரஷருக்கு 1858-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஈலை விட்னி பிளேக். அசையாத ஒரு தாடை, முன்னும் பின்னும் அசையும் ஒரு தாடை, இரண்டுக்கும் இடையே குறுகிக்கொண்டே போகும் வாய். பக்கத்தில் பெரிய பறக்கும் சக்கரம். கல் சிக்காத நொடியில் சுழற்சியைச் சேமித்து, கல் சிக்கிய நொடியில் கொடுக்கும். தாடைத் தகடுகள் 1882-இல் ஹேட்ஃபீல்டு கண்டுபிடித்த மாங்கனீசு எஃகு. அடிபட அடிபட அதன் மேற்பரப்பு இறுகும். கிரஷர் கல்லை அழுத்துகிறது, சரி. ஆனால் கல் உடைவது இழுப்பில்தான். ஒரு கல்லை எதிரெதிரே இரண்டு புள்ளிகளில் நெருக்கினால், நடுவே குறுக்குவாக்கில் இழுவிசை உண்டாகி, கல் இரண்டாகப் பிளக்கும். கல்லின் இழுவலிமையை அளக்கப் பொறியாளர்கள் கையாளும் 'பிரேசிலியன் சோதனை', 1943-இல் கார்னெய்ரோ வகுத்தது, இதே தத்துவம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆப்பும் மின்மோட்டாரில் ஓடும் கிரஷரும் கல்லின் ஒரே பலவீனத்தைத்தான் தொடுகின்றன.

வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. ஆப்பு வைத்தவர் கல்லை முழுதாகக் காப்பாற்ற உடைத்தார். கிரஷர் ஜல்லியாகவும் எம்-சாண்ட் என்ற செயற்கை மணலாகவும் கரைக்க உடைக்கிறது. காவிரி மணல் அருகிப்போன இந்த நாளில் டெல்டாவின் வீடுகளும் பாலங்களும் அந்த எம்-சாண்டில்தான் எழுகின்றன. தாராசுரம் இன்றும் மேற்கத்திப் பாறையைத்தான் நம்பியிருக்கிறது.

குழிகளை என்ன செய்வது?

மதுரை மேலூர்ப் பகுதியில் கிரானைட் முறைகேட்டுப் புகார்களைத் தொடர்ந்து 2012-இல் குவாரிகள் நிறுத்தப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் நியமித்த, ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் தலைமையிலான குழு 2015-இல் அறிக்கை தந்தது. வேலை நின்ற குவாரிகளில் அறுத்த கட்டைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன; பள்ளங்களில் மழைநீர் தேங்கியது. கைவிட்ட குவாரி எங்கும் இப்படித்தான் குட்டையாகிறது. அதில் நன்மையும் உண்டு: 2017-இன் வறட்சியில் சென்னைக் குடிநீருக்கு மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் குவாரி நீரைச் சுத்திகரித்து எடுத்தார்கள். ஆபத்தும் உண்டு. குளத்தைப்போல இங்கே சரிவான கரை கிடையாது. செங்குத்தான பாறைச்சுவர், ஓரடி தள்ளினால் ஆளுயரத்துக்குப் பலமடங்கு ஆழம், ஏறிவரப் பிடிமானம் இல்லை. குளிக்கப் போகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இறக்கிறார்கள். எந்தக் குழியையும் வேலியில்லாமல் விட்டுப்போவது குற்றம் என்ற உணர்வு நமக்கு வர வேண்டும். அங்கே உழைத்தவர்களின் நுரையீரலும் இந்தக் கணக்கில் சேரும். துரப்பணமும் கிரஷரும் கிளப்பும் நுண்ணிய குவார்ட்சுத் தூசி நுரையீரலில் படிந்தால் வெளியேறாது. சிலிக்கோசிஸ் என்ற ஆறாத நோயைத் தரும். தண்ணீர் தெளித்துத் துளையிட்டால் பெரும்பகுதி தூசி எழாமலே அடங்கும்.

பழைய குழிகளின் பிரச்சினை வேறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, கொடுத்தவர்களின் பெயரைச் சொல்கிறது. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று கட்டியவரின் பெயரையும் சொல்கிறது. குன்றில் கல் பிளந்தவர்களுக்கு அவர்கள் விட்டுப்போன ஆப்புக்குழிகளைத் தவிர வேறு ஆவணம் கிடையாது. தொல்லியல் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத்தைத் தடைசெய்கிறது. அதற்கப்பால் 200 மீட்டரைக் கட்டுப்படுத்துகிறது. நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சரம் அப்படிக் காக்கப்படுகிறது. ஆனால் கோயிலுக்குக் கல் கொடுத்த பாறை பெரும்பாலும் அந்த எல்லைக்குள் வராது. ஒரு முறை வெடி வைத்தால் ஆயிரம் ஆண்டுத் தடம் ஜல்லியாகப் போகும்.

எகிப்தின் அஸ்வானில் 42 மீட்டர் நீளமும் 1,000 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஒரு தூண், பாறையிலிருந்து முழுதும் பெயராமல் கிடக்கிறது. செதுக்கும்போதே விரிசல் கண்டதால் கைவிட்டார்கள். அந்தத் தோல்விதான் அவர்கள் தொழில் முறையை நமக்குச் சொல்கிறது. அந்தக் குவாரியை எகிப்து திறந்தவெளி அருங்காட்சியகமாகக் காக்கிறது. நம்மிடமும் செய்யக்கூடியது நிறைய. குன்றுகளில் உள்ள ஆப்புக்குழி வரிசைகளைப் படமெடுத்து, நீளம், அகலம், இடைவெளி அளந்து பதிவுசெய்யலாம். பாறையைக் கண்ணாடிபோல் மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் கனிமச் சேர்க்கை தெரியும். கோயில் திருப்பணியில் உதிரும் துண்டோடு ஒப்பிட்டு எந்தக் குன்று எந்தக் கோயிலுக்குக் கல் கொடுத்தது என்று கண்டறியலாம். தாராசுரத்தில் கிடைத்த சாளுக்கியத் துவாரபாலகர் சிலை, முதலாம் ராஜாதிராஜன் கல்யாணபுரத்திலிருந்து கொண்டுவந்தது என்பதை அதன் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டு இல்லாத ஆயிரக்கணக்கான கற்களுக்கு அவற்றின் கனிமங்களே ஊர்ப்பெயர் சொல்ல வேண்டும்.

அந்தச் சான்றில் பாதி கோயிலில் பத்திரமாக இருக்கிறது. மறுபாதி குத்தகைக்குப் போகும் குன்றுகளில் இருக்கிறது. ஒரு குன்றைக் குவாரிக்கு அளந்து கொடுக்கும் முன், அதன் மேல் ஆப்புக்குழி வரிசை இருக்கிறதா என்று ஏறிப் பார்க்க ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளைக் குத்தகை விதியிலேயே எழுதி வைக்க வேண்டும்.